முதல் வரிசையில் இரண்டு சீட்

லிஃப்ட்காரருடைய வாழ்க்கையில் பாதி மேலே போவதிலும் மீதி கீழே வருவதிலும் கழிந்தது. இதை அவரே சொல்லிச் சிரிப்பார். ஊர் ஊராகப் போய் உயரமான கட்டடங்களில் லிஃப்ட்டைச் சோதிப்பது அவர் வேலை. கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் விமானத்தில் கிளம்பினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விமானத்தில் திரும்புவார். அவர் கால் தரையில் நின்றது சனி, ஞாயிறு, திங்களில் மட்டும்தான். அதிலும் பாதி நேரம் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

சம்பளம் கொடுத்தது லிஃப்ட் கம்பெனி. ஆனால் 'நம்ம கம்பெனி' என்று அவர் வாய் நிறையச் சொன்னது விமானக் கம்பெனியை.

"நம்ம கம்பெனியில புதுசா ரெண்டு விமானம் வாங்கியிருக்காங்க, தெரியுமா?" என்பார் சாப்பிடும்போது.

"உங்களைக் கேட்டுத்தான் வாங்கியிருப்பாங்க" என்பாள் மனைவி.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் திருப்பி, காலாவதித் தேதியைப் பார்ப்பது அவள் வழக்கம். வீட்டில் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் அதே மரியாதைதான். அப்படிப்பட்டவள் புருஷனுடைய விமானப் பாயிண்ட்களை மட்டும் சும்மா விட்டுவிடுவாளா? "இதுக்கெல்லாம் காலாவதி கிடையாதா?" என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிட்டாள்.

"அதெல்லாம் கிடையாது. பறந்துக்கிட்டே இருந்தா போதும், அது பாட்டுக்கு இருக்கும்" என்றார் லிஃப்ட்காரர்.

பறக்கும் தூரத்துக்குத் தக்கபடி அந்தக் கம்பெனி பாயிண்ட் போட்டது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது ஆபீஸ், பாயிண்ட் சேர்ந்தது இவர் பேரில். ஊரார் பெய்வித்த மழையில் தன் வீட்டுக் குடம் நிறைவதுபோல அவருக்கு அதில் ஒரு கள்ளச் சந்தோஷம். நேராகப் போகிற விமானத்தை விட்டுவிட்டு, நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறிப் போகிற விமானமாகப் பார்த்து எடுப்பார். அதில் பாயிண்ட் கொஞ்சம் கூட வரும். வீட்டுக்கு வர நேரமாகும், அவ்வளவுதான். சுட வைத்த சாப்பாட்டை மறுபடி சுட வைக்கிறவளுக்கு அது 'அவ்வளவுதான்' இல்லை என்பது அப்போது அவர் புத்திக்கு எட்டவில்லை.

அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். விமான நிலையத்தில் அவருக்கு ஒரு பேரே இருந்தது. "வாங்க செவ்வாய் சார்" என்பாள் கவுன்ட்டர் பெண். அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே முதல் வரிசை ஜன்னல் சீட்டைப் போட்டு நீட்டுவாள். அடிக்கடி பறக்கிறவர்களுக்குக் கம்பெனி தருகிற தங்க அட்டை அவரிடம் இருந்தது; அந்த அட்டைக்காரர்களுக்கென்று தனி வரிசை, அதற்கு நீலக் கம்பளம். உள்ளே ஓய்வறையில் தூணுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் காபி கொடுக்கிறவர் அவரைப் பார்த்துக் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்பார். வீட்டில் 'ஏங்க, அந்தக் குப்பையை வெளியே வச்சீங்களா' என்று கேட்கப்படுகிற மனிதனுக்கு, ஓரிடத்தில் கண்ணால் மன்னிப்புக் கிடைக்கிறது என்றால் சும்மாவா? மனுஷன் மயங்காமல் என்ன செய்வார்.

வெள்ளிக்கிழமை வீடு திரும்பும்போது கோட்டுப் பையிலிருந்து விமானத்தில் கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து மனைவியிடம் கொடுப்பார். அவள் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பாள். அதுதான் அவள் கண்ட விமானம். அவள் ஒரு தடவைகூடப் பறந்ததில்லை.

ஆனால் வாக்குக் கொடுத்திருந்தார். அவளுக்கு ஒரே ஓர் அக்கா. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அக்காதான் அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்தவள். தலை வாரிவிடும்போது மட்டும் அக்காவுக்கு ஈவிரக்கம் கிடையாது. சீப்பை அழுத்தி இழுப்பாள், தங்கச்சி கத்துவாள், "சுண்டு, ஆடாம இரு" என்று மண்டையில் ஒரு தட்டு விழும். ஆள் சின்னதாக இருந்ததால் வந்த பேர், சுண்டு. அக்கா கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய், அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்து, புருஷனையும் இழந்து, மகனோடு இருந்தாள். இரண்டு மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் மூட்டு வலி வந்து, பயணம் நின்றது. இனி போனால் சுண்டுதான் போக வேண்டும்.

"அக்கா, நான் கூட்டிட்டு வர்றேன்" என்று போனில் சொன்னார் லிஃப்ட்காரர். "உங்க தங்கச்சியை மூட்டை மாதிரி பின்னாடி ஏத்த மாட்டேன். முதல் வரிசையில, காலை நீட்டி உட்கார வச்சு, ராணி மாதிரி கூட்டிட்டு வருவேன். பாயிண்ட் சேர்ந்துக்கிட்டே இருக்கு."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு எப்போது போன் செய்தாலும் முதல் கேள்வி அதுதான். "என்ன மாப்பிள்ளை, முதல் வரிசை எப்போ?"

"இன்னும் கொஞ்சம்தான் அக்கா."

அந்தக் 'கொஞ்சம்' இருக்கிறதே, அது பொல்லாதது. அவர் நெருங்கும்போதெல்லாம் கம்பெனி இரண்டு சீட்டுக்கு வேண்டிய பாயிண்டை ஏற்றிவிடும். ஒரு சீட்டுக்குப் போதுமானது எப்போதோ சேர்ந்துவிட்டது. பின் வரிசையில் இரண்டு சீட்டுக்கு அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. "பின்னாடியே போயிடலாமேங்க, அக்காவைப் பார்க்கத்தானே போறோம், சீட்டையா பார்க்கப் போறோம்" என்று அவள் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொடுத்த வாக்கு முதல் வரிசைக்கு. அதில் ஒரு பிடிவாதம், அந்தப் பிடிவாதத்துக்குள் கொஞ்சம் அன்பு, கொஞ்சம் ஜம்பம். எது எவ்வளவு என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

வருஷக் கடைசியில் இன்னொரு கூத்து நடக்கும். தங்க அட்டை கையை விட்டுப் போகாமலிருக்க வேண்டுமானால் வருஷத்துக்கு இத்தனை தடவை பறந்திருக்க வேண்டும் என்று கணக்கு. ஒன்றிரண்டு குறைந்தால் சொந்தக் காசில் ஒரு மலிவு டிக்கெட் எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஓர் ஊருக்குப் பறப்பார். அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே வரமாட்டார். ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவார். போன ஊர் மலையா கடலா என்றுகூட அவருக்குத் தெரியாது. அவரைப்போல இன்னும் நாலைந்து அட்டைக்காரர்களும் அதே விமானத்தில் வந்து, அதே காபியைக் குடித்து, ஒருவரையொருவர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் செருப்பு மாட்டும்போது மனைவி கேட்டாள்: "நானும் வரட்டுமா?"

"எங்க?"

"நீங்க போற இடத்துக்குத்தான். சும்மா ஏறி இறங்கிட்டு வர்றேன். எனக்கும் எப்படி இருக்கும்னு தெரியும்ல?"

அவர் சிரித்தார். "பைத்தியமா உனக்கு? இது வெட்டிப் பயணம். கடைசி வரிசை, தண்ணிகூட தரமாட்டாங்க. நீ முதன்முதல்ல ஏறுறது இதுலயா? உனக்கு முதல் வரிசை இருக்கு, பொறு."

அவள் பொறுத்தாள். பொறுப்பதில் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் ஓய்வு பெற்றபோது, அப்பாடா, பாயிண்ட் சேர்ந்திருந்தது. முதல் வரிசையில் இரண்டு சீட், அவளுக்கு ஜன்னல். அவள் மருந்துக்கடையில் லீவு சொன்னாள். அக்காவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினாள். அதற்குள் அக்காவுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவ ஆரம்பித்திருந்தது. சாப்பிட்டதை மறந்து மறுபடி சாப்பிட உட்காருகிறாள், சாவியை அரிசியில் வைக்கிறாள் என்று அக்கா மகன் போனில் சொன்னான். "ஆனா உங்களை மறக்கல சித்தி. சுண்டு வர்றா சுண்டு வர்றான்னு அதே பேச்சுதான்" என்றான். மறப்பதற்குள் போய் நின்றுவிட வேண்டும் என்பதுதான் சுண்டுவுக்கு இருந்த ஒரே கவலை.

கிளம்ப ஒரு வாரம் இருந்தது. மருந்துக்கடை டிவியில் செய்தி ஓடியது. விமானக் கம்பெனி திவால், இன்று முதல் எந்த விமானமும் பறக்காது. கடை முதலாளி அவளைத் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, உங்க வீட்டுக்காரர் கம்பெனி மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாங்களா?" என்றார். அவள் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"புரளி" என்றார் லிஃப்ட்காரர். "நம்ம கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாது."

மறுநாள் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, தங்க அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனார். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. அட்டைக்காரர்களின் நீலக் கம்பளத்தில் பெட்டியைத் தலைக்கு வைத்து ஒரு குடும்பமே படுத்திருந்தது. கல்யாணத்துக்குப் போக வேண்டிய கூட்டம் ஒன்று சுவரோரமாக உட்கார்ந்திருந்தது. அழுதழுது கண் வீங்கியவள்தான் மணப்பெண் என்று யாரோ சொன்னார்கள். வருஷக் கடைசி விமானங்களில் அவர் பார்த்திருந்த ஓர் அட்டைக்காரர், இறக்கி விட்டிருந்த ஷட்டரைப் பார்த்து, "நான் யாருன்னு தெரியுமா?" என்று கத்திக்கொண்டிருந்தார். ஷட்டர் பதில் சொல்லவில்லை. லிஃப்ட்காரர் தன் அட்டையைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

"செவ்வாய் சார்."

திரும்பினார். சாதாரண உடையில் ஒரு பெண், கையில் ஓர் அட்டைப்பெட்டி. சீருடையும் கழுத்துத் துணியும் இல்லாததால் அடையாளம் தெரியவில்லை. கவுன்ட்டர் பெண்தான்.

"உள்ளே இருந்த என் சாமானை எடுக்க வந்தேன் சார். நேத்து சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு, நாளையிலேர்ந்து வராதீங்கன்னு. இத்தனை வருஷம் வேலை பார்த்தேன், ஒரு ஆள் நேர்ல வந்து சொல்லக்கூடாதா?"

"என் பாயிண்ட்..." என்று தொடங்கி, அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வேலை போனவளிடம் போய்ப் பாயிண்டா?

"காசு கொடுத்து எடுத்தவங்களுக்கே எப்போ கிடைக்கும்னு தெரியல சார். பாயிண்ட் டிக்கெட்டெல்லாம்..." அவள் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "ஆமா, உங்க வீட்டு அம்மாவை முதல் வரிசையில கூட்டிட்டுப் போகப்போறேன்னு சொல்லிட்டே இருப்பீங்களே. கூட்டிட்டுப் போயிட்டீங்கதானே?"

பெட்டியை ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்.

அப்போதாவது புத்தி வந்ததா என்றால், இல்லை. அட்டைக்காரர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் தினம் ஒரு வதந்தி. வேறொரு கம்பெனி எல்லாப் பாயிண்டையும் ஏற்றுக்கொள்ளப் போகிறதாம். இந்த மாதக் கடைசியில் அறிவிப்பாம். ஒருவருடைய மச்சானுக்கு உள்ளே ஆள் இருக்கிறதாம். லிஃப்ட்காரர் காலையிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். இதற்கிடையில், ஒருவன் விழுந்ததும் மற்ற கம்பெனிகள் டிக்கெட் விலையைத் தாறுமாறாக ஏற்றிவிட்டன. "இப்போ வாங்குறவன் முட்டாள். கொஞ்சம் பொறுப்போம்" என்றார்.

அந்த மாதமும் போனது. அடுத்ததும் போனது. ஒருநாள் அக்கா மகன் கூப்பிட்டான். "சித்தி, நேத்து என்னையே யாருப்பா நீன்னு கேட்டாங்க. வர்றதுன்னா சீக்கிரம் வாங்க."

சுண்டு போனை வைத்தாள். கூடத்துக்கு வந்து புருஷன் முன்னால் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் மருந்துக்கடையில வேலை பார்க்கிறவ. தேதி தாண்டினதை நாங்க அலமாரியில வச்சிருக்க மாட்டோம். தூக்கிப் போட்டுடுவோம். உங்க பாயிண்டுக்குத் தேதி தாண்டிப் போச்சு. இந்த வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துட்டேன், என் சேமிப்புலேர்ந்து. ரெண்டு பேருக்கும்தான். நீங்க வர்றதுன்னா வாங்க, இல்லைன்னா போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருங்க."

அவர் அட்டைக்காரர் குழுவிலிருந்து விலகியது அன்றைக்குத்தான்.

கடைசி வரிசை. கழிப்பறைக் கதவு அடிக்கடி திறந்து மூடிக்கொண்டிருந்தது. சீட் பின்னால் சாயாது. நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்ட்காரருக்கு முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தண்ணீர் கேட்டார், வருகிறேன் என்று போன பணிப்பெண் வரவேயில்லை. இத்தனை காலம் முன்னால் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கியவருக்கு, வருஷக் கடைசிக் குட்டிப் பயணங்களில் தெரியாத ஓர் உலகம் திரைக்குப் பின்னால் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

சுண்டுவோ ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தாள். விமானம் ஓடத் தொடங்கியபோது அவர் கையை இறுகப் பிடித்தாள், தரையை விட்டதும் விட்டுவிட்டாள். வீடுகள் சின்னதாகி, ஆறு ஒரு கோடாகி, பிறகு ஒரே வெள்ளையாக மேகம். வெயில் அதன் மேல் விழுந்து கிடந்தது.

"இதைத்தான் இத்தனை வருஷமா நீங்க மட்டும் பார்த்தீங்களா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"நான் எங்கம்மா பார்த்தேன்" என்றார் அவர். "ஏறினதும் தூங்கிடுவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. கூட வரட்டுமா என்று அவள் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் இதே மேகம் இருந்திருக்கும். சீட்டும் காலியாக இருந்தது, அவர் பக்கத்திலேயே. அவளை ஏற்றிக்கொண்டு போயிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அந்த நல்ல நாட்களையெல்லாம் அவர் இப்போதும் ஆசையாக நினைத்துப் பார்ப்பார், தூணோர நாற்காலி, 'வாங்க செவ்வாய் சார்', எல்லாவற்றையும். ஆனால் அவற்றில் எங்கேயும் அவள் இல்லை. அது மனசை அறுத்தது.

பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். சுண்டு தேதியைப் பார்த்துவிட்டு அக்காவுக்கென்று கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

நடுவில் இரண்டு இடங்களில் மாறி, கால் வீங்கி, மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டு வாசலில் போய் இறங்கினார்கள். மகன் கதவைத் திறந்தான். அக்கா ஜன்னலோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதியாகக் கரைந்திருந்தாள். சுண்டு ஓடிப்போய் அவள் காலடியில் உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான்தான். வந்துட்டேன்."

அக்கா மரியாதையாகப் புன்னகை செய்தாள். புதிதாக வந்த நர்ஸைப் பார்த்துச் செய்கிற புன்னகை அது.

"உட்காரும்மா. கீழே ஏன் உட்கார்ற, நாற்காலி இருக்குல்ல. எங்க வீட்டுல இன்னைக்கு விசேஷம். என் தங்கச்சி வர்றா."

"அக்கா, நான்தான் சுண்டு."

"ஆமா, சுண்டுதான். உனக்கும் தெரியுமா அவளை? அவ வீட்டுக்காரர் பிளேன்ல கூட்டிட்டு வர்றாரு. பின்னாடி இல்ல, முதல் வரிசையில. காலை நீட்டி உட்கார்ந்து வருவா. அதான் கொஞ்சம் லேட்டாகுது."

சுண்டு அக்கா கையை விடவில்லை. அவள் தோள் குலுங்குவதைப் பின்னாலிருந்து லிஃப்ட்காரர் பார்த்தார். பெட்டியைப் பிடித்த கை அப்படியே இருக்க, கூடத்துக்கு நடுவில் நின்றிருந்தார்.

அக்கா அவரை அப்போதுதான் கவனித்தாள். "நீங்க யாரு?"

"அவளைக் கூட்டிட்டு வர வேண்டியவன் அக்கா" என்றார்.

"அப்புறம் இங்க என்ன பண்றீங்க?" என்று அக்கா அதட்டினாள். பழைய அக்காவின் அதட்டல் அது. "போங்க, போய்க் கூட்டிட்டு வாங்க. எத்தனை நாளா காத்துக்கிட்டு இருக்கேன்!"

லிஃப்ட்காரர் குனிந்து மனைவியின் கையைப் பிடித்து எழுப்பினார். "வா" என்றார். அவளுக்குப் புரியவில்லை. பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவளை வாசலுக்கு வெளியே அழைத்துப் போனார். கதவைச் சாத்தினார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தார். கலைந்திருந்த சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு அழைப்பு மணியை அடித்தார்.

மகன் திறந்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"அக்கா!" என்று வாசலிலிருந்தே உரக்கச் சொன்னார் லிஃப்ட்காரர். "சுண்டுவைக் கூட்டிட்டு வந்துட்டேன்!"

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற சின்ன உருவத்தைப் பார்த்தாள்.

"வந்துட்டியாடி?" என்றாள். "முதல் வரிசைதானே?"

அவர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். சுண்டு முந்திக்கொண்டாள்.

"முதல் வரிசைதான் அக்கா. காலை நீட்டி உட்கார்ந்து வந்தேன்."

"நான் சொன்னேன்ல?" என்று அக்கா மகனைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினாள். "மாப்பிள்ளை சொன்னா செய்வாரு." பிறகு தங்கச்சியின் தலையைப் பார்த்து முகம் சுளித்தாள். "என்னடி இது, பரட்டையா வந்திருக்கே. சீப்பை எடுத்துட்டு இப்படி உட்காரு."

லிஃப்ட்காரர் பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சுண்டு அக்காவின் காலடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நடுங்குகிற கைதான், ஆனாலும் சீப்பு அழுத்தமாகத்தான் இறங்கியது.

"ஆடாம இரு சுண்டு" என்றாள் அக்கா.

"நான் ஆடலைக்கா" என்றாள் சுண்டு.